வெள்ளுடை வேந்தரும் வெள்ளை மாளிகையும்

நந்தனத்தில் மெட்ரோ ரயில் ஏறிச் சென்ட்ரலில் இறங்கும்போதெல்லாம் ரிப்பன் மாளிகையைச் சற்று நின்று பார்ப்பது என் வழக்கம். 1909இல் அடிக்கல் நாட்டப்பட்டு, லோகநாத முதலியாரால் கட்டி முடிக்கப்பட்டு, 1913இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சித் தலைமையகம் அது. உள்ளாட்சியில் மக்கள் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கும் தீர்மானத்தை 1882இல் கொண்டுவந்த வைஸ்ராய் ரிப்பனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தத் தீர்மானத்துக்கு இந்நகரில் பொருள் தந்தவர், அதே வளாகத்தில் சிலையாக நிற்கும் சர் பிட்டி தியாகராயர்.

1852இல் பிறந்தவர், மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், நெசவுத் தொழிலில் வளம் கண்டவர். எப்போதும் வெண்ணிற ஆடையே அணிந்ததால் ‘வெள்ளுடை வேந்தர்’ எனப்பட்டார். ஏறத்தாழ 40 ஆண்டுகள் மாநகராட்சி உறுப்பினராக இருந்தார். மன்றத்தில் தம்மோடு முரண்பட்டு நின்ற டி.எம். நாயருடன், நடேசனார் முயற்சியால் கைகோத்தார். 1916இல் நீதிக் கட்சி பிறந்தது.

1920 தேர்தலில் அக்கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி அவரைத் தேடி வந்தது. அதை ஏற்காமல் சுப்பராயலு ரெட்டியாரை முன்மொழிந்தார். மாநகராட்சியையே தம் களமாகக் கொண்டு, அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட, அதிகாரி அல்லாத முதல் தலைவராகப் பணியாற்றினார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்க 1920இல் தீர்மானம் நிறைவேறியது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவு. இன்று நாடெங்கும் பரவியுள்ள மதிய உணவுத் திட்டத்தின் முன்னோடி அது. நந்தனத்திலிருந்து நான் வரும் ரயில் அந்த ஆயிரம் விளக்கைக் கடந்துதான் வருகிறது. 1925இல் அவர் மறைந்தார். ஏரி நிலத்தில் அப்போது உருவாகிக்கொண்டிருந்த தியாகராய நகர் அவர் பெயரைப் பெற்றது.

மாளிகையைப் பழுது பார்த்துப் புதுப்பித்தது பாராட்டத்தக்கது. ஆயினும் இன்னொரு வரலாற்றையும் நாம் மறக்கலாகாது. 1973 முதல் 1996 வரையும், 2016 முதல் 2022 வரையும் இந்தக் கட்டடம் உறுதியாகவே நின்றது. மன்றக் கூடத்தில்தான் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்கள் இல்லை. ஒரு பள்ளியின் ஓரணாச் சோற்றுக்காக வாதாடும் உரிமை பெற்ற குரல் அந்த ஆண்டுகளில் அங்கு ஒலிக்கவில்லை.

சுண்ணாம்பும் மரமும் கண்ணாடியும் பேணப்பட வேண்டும். அதுபோலவே, இப்போதைய மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியும்போது அடுத்த தேர்தல் ஒரு நாளும் தள்ளிப்போகாமல் நடைபெற வேண்டும். முதலமைச்சர் நாற்காலியை விட்டு இந்நகர மன்றத்தைத் தேர்ந்துகொண்டவருக்கு நாம் பட்ட கடன் அது.