குறிப்பேட்டைப் பொறியிடம் ஒப்படைத்த அம்மையார்

நிரல் எழுதுகிறவர் எவராயினும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார். எந்தக் கட்டளைக்குப் பின் அரைப்புள்ளி வரும், எந்த அடைப்புக்குறியை எங்கே மூட வேண்டும், சென்ற பருவத்தில் தவறின்றி ஓடிய நிரல் எது என்றெல்லாம் அதில் கிறுக்கி வைப்பது நம் துறை மாணவர் வழக்கம். இவ்வழக்கத்தின் பழைய நாட்களைத் தேடிச் சென்றால் அமெரிக்க நாட்டுக் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரைக் காண்கிறோம். அவரது வரலாற்றை அந்தக் குறிப்பேட்டின் வழியாகவே சொல்ல விரும்புகிறேன்.

அம்மையார் 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதிலேயே வீட்டிலிருந்த அலாரம் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டு, உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தவர். வாசர் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயின்று, 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தாம் பயின்ற வாசரிலேயே கணித ஆசிரியராகவும் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போர் மூண்டிராவிட்டால் அங்கேயே பேராசிரியராக ஓய்வு பெற்றிருப்பார் என்று எண்ணுகிறேன்.

போர் அவரைக் கடற்படைக்கு இழுத்தது. வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உயரத்திற்கேற்ற எடையும் இல்லை. ஆயினும் சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்ந்தார். கப்பலில் ஏற்றுவார்கள் என்று பார்த்தால், 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு ஐக்கன் அமைத்த மார்க் ஒன்று என்னும் கணிப்பொறி நின்றது. நீளம் 51 அடி, உயரம் 8 அடி. காகித நாடாவில் துளையிட்டுத்தான் அதற்கு ஆணை தரவேண்டும். இரண்டு எண்களைப் பெருக்க ஆறு வினாடி அளவில் எடுத்துக்கொள்ளும். இன்று நம் சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி அதைக் கண்டால் நகைக்கும். ஆனால் அன்று போர்க்கணக்குகள் அதற்காகக் காத்துக் கிடந்தன.

அப்பொறியை இயக்குவதற்கு ஒரு கையேடு எழுதுமாறு ஐக்கன் பணித்தார். தமக்கு நூல் எழுதத் தெரியாது என்று அம்மையார் தயங்கியும் பயனில்லை. கடற்படையில் ஆணை என்றால் ஆணைதான். அன்றன்று எழுதிய பக்கங்களை ஐக்கனிடம் படித்துக் காட்டவும் வேண்டியிருந்தது. 1946இல் வெளிவந்த அந்நூல் ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்டது. கணிப்பொறிக்கென எழுந்த முதல் கையேடுகளுள் அதுவும் ஒன்று.

அச்சிட்ட கையேட்டைக் காட்டிலும் என்னைக் கவர்ந்தது அவர்கள் கையால் எழுதி வைத்த ஏடுகளே. அம்மையாரும் உடன் பணியாற்றிய ரிச்சர்டு பிளாக்கும், ஒருமுறை சரியாக ஓடிய நிரற்பகுதிகளைத் தத்தம் ஏட்டில் குறித்து வைத்தனர். சைன் மதிப்பு வேண்டுமானால் அடுத்தவர் ஏட்டை வாங்கிப் பார்த்து எழுதிக்கொள்வார்கள். இவ்வாறு பிறந்தவையே துணை நிரல்கள்.

பார்த்தெழுதுவதில் இரண்டு தொல்லைகள் இருந்தன. நான்கு என்னும் எண் அடுத்தவர் கையில் டெல்டா என்னும் முக்கோணக் குறியாகும். பி எழுத்து பதின்மூன்றாகும். இது முதல் தொல்லை. மற்றொன்று கூட்டல். ஏட்டிலுள்ள ஒவ்வொரு துணை நிரலும் பூஜ்யத்திலிருந்து முகவரி எண்ணும். அதைப் பெரிய நிரலின் நடுவில் செருகும்போது முகவரிகள் அனைத்தையும் கூட்டி மாற்ற வேண்டும். ஓரிடத்தில் தவறினாலும் விடை பிழைதான். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்களும் இதில் வழுக்கினார்கள். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்தெழுதி, பூஜ்யத்தை ஓ எழுத்தாக்கி, ஆய்வகத்தில் ஒரு மணி நேரம் விழித்துக்கொண்டு நிற்கும் நம் நண்பர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

1949இல் அம்மையார் பிலடெல்பியாவிலிருந்த எக்கர்ட்–மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே எட்டின் அடிமான எண்களில் கணக்கிட்டுப் பழகியதில் ஒரு வேடிக்கை நேர்ந்தது. அவரது வங்கிக் கணக்கு மாதக்கணக்கில் ஒத்துவரவில்லை. இடையிடையே எட்டின் அடிமானத்திலேயே கழித்து வந்திருக்கிறார் என்பதை அவர் தம்பிதான் கண்டுபிடித்தாராம்.

பார்த்தெழுதுவதும் கூட்டுவதும் மனிதனுக்கு வாராதவை, பொறிக்கோ அவையே தொழில் என்பதை அம்மையார் கண்டுகொண்டார். ஏட்டிலிருந்த துணை நிரல்களைக் காந்த நாடாவில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் மூன்றெழுத்துப் பெயர் வைத்தார். நிரல் எழுதுவோர் அப்பெயரையும் தேவையான எண்கள் இருக்கும் இடத்தையும் குறித்தால் போதும். நாடாவில் தேடுவதும் படியெடுப்பதும் முகவரி திருத்துவதும் பொறியின் வேலை. ஏ-பூஜ்யம் எனப்பட்ட இந்தத் தொகுப்பி 1952இல் யூனிவாக் பொறியில் ஓடியது. துணை நிரல்களைத் தொகுத்துத் தந்ததாலேயே அப்பெயர். இன்றைய தொகுப்பிகளோடு ஒப்பிட்டால் இது எளிய கருவிதான். ஆயினும் கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று அன்று பலர் நம்ப மறுத்தார்கள். ஓடிக்கொண்டிருந்த பொருளையே தொடுவாரில்லை!

அடுத்து, வணிகர்களுக்குக் குறியீடுகள் எதற்கு, ஆங்கிலச் சொற்களிலேயே ஆணையிடட்டுமே என்றார். அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். சொல் எதுவாயினும் பொறிக்கு அது வெறும் குறியே என்பதை விளக்கத்தான் அப்படிச் செய்தார். மேலதிகாரிகளோ, அமெரிக்கப் பொறிக்குப் பிறமொழி தெரிவதாவது என்று மிரண்டுபோனார்கள். அம்முயற்சியில் விளைந்த புளோமேட்டிக் மொழி, 1959இல் தொடங்கிய கோபால் மொழிக்கு (நம் தெருக் கோபால் அல்லர்) வழிகாட்டியது. அம்மையாரைக் கோபாலின் தாய் என்பர். எனக்கு இதில் முழு உடன்பாடில்லை. அம்மொழியை எழுதி முடித்தது ஜீன் சம்மெட் முதலியோர் இருந்த குழு, அம்மையார் ஆலோசகர். அவருடைய உண்மைப் பெருமைக்கு இந்த இரவல் பட்டம் தேவையில்லை.

1966இல் கடற்படை அவருக்கு ஓய்வளித்தது. மறு ஆண்டே ஆறு மாதப் பணிக்கென்று திரும்ப அழைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் விருப்பப்படி திரித்து வைத்திருந்ததால், ஓரிடத்தில் ஓடிய நிரல் வேறிடத்தில் ஓடவில்லை. ஒரே மரபைப் பின்பற்றச் செய்வதற்காக, தொகுப்பிகளைச் சோதிக்கும் நிரல்களை அவரது குழுவினர் எழுதினார்கள். ஆறு மாதம் ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. 1986இல், தம் 79ஆம் வயதில், பாஸ்டன் துறைமுகத்தில் கான்ஸ்டிடியூஷன் என்னும் பழம்பெரும் பாய்மரக் கப்பலின் தளத்தில் ரியர் அட்மிரலாக விடைபெற்றார். 1992 ஜனவரி முதல் நாள் மறைந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் இராணுவ மரியாதையுடன் அவரை அடக்கம் செய்தார்கள்.