காஞ்சிபுரம் நாயனாப்பிள்ளை

காஞ்சி என்றவுடன் நம்மனோர்க்குக் கோயிலும் பட்டும் நினைவிற்கு வரும். ஏகாம்பரநாதர் கோபுரத்தையும் பிள்ளையார்பாளையத்துத் தறிகளையும் கண்டு மீள்வோர் பலர். அந்நகரிலே வாழ்ந்து 1934-ஆம் ஆண்டில் மறைந்த இசைப்புலவர் நாயனாப்பிள்ளையைப்பற்றி வினவுவோர் மிகச் சிலரே. அதற்குக் காரணமும் உண்டு. அவர் இசைத்தட்டிற்குப் பாடினாரல்லர். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938-இல் தொடங்கப்பெற்ற காலத்தில் அவர் உயிரோடில்லை. ஆதலின் அவர் குரல் எத்தன்மைத்து என நாம் செவியாற் கேட்டறிய வழியில்லை.

அவர் பிறந்தது 1889-இல். சுப்பிரமணியபிள்ளை என்பது இயற்பெயர். தாயார் காமாட்சியம்மாளும், தாயாரின் உடன்பிறந்தாராகிய தனகோடியம்மாளும் பாட்டிற் பெரும்புகழ் எய்தியவர்கள். வீடு முழுதும் இசை நிறைந்திருந்தும், பிள்ளையவர்கள் இளமையில் அதனை நாடாது மற்போரிலும் உடற்பயிற்சியிலுமே பொழுது போக்கினார் என்பர். காலந்தாழ்த்தே கற்கத் தொடங்கினார். தொடங்கியபின் அவருக்கு வேறு நினைவில்லை. தியாகராசரின் கீர்த்தனங்களை ஜலதரங்கம் இரமணய்ய செட்டியாரிடத்துப் பெரிதும் பாடங்கேட்டார்.

அவருடைய வன்மை தாளத்தில் இருந்தது. தமிழ் பயிலும் நாம் இதனைச் சற்று நின்று நோக்கவேண்டும். அருணகிரிநாதரின் திருப்புகழை நாம் சந்தம் பிரித்து, சீர் எண்ணி, தேர்வுக்கு எழுதி, அத்துடன் விட்டுவிடுகிறோம். பிள்ளையவர்களோ அச்சந்தங்களையே தாளமாகக் கொண்டு கச்சேரி மேடையிற் பாடினார். பல்லவி பாடுதலில் அவருக்கு இணையாவார் அரியர். பல்லவி என்பது ஒரே அடி. அதனைத் தாளத்தில் நிறுத்தி, விரைவு மாற்றி, எடுக்குமிடம் மாற்றி, மீண்டும் உரிய இடத்திற் கொண்டுவந்து சேர்த்தல் வேண்டும். ஒரு மாத்திரை பிழைப்பினும் அவையோர் அறிவர். அவரோ பிழைக்க இடமுண்டாகும்படியே பக்கவாத்தியங்களை மிகுவித்துக்கொண்டார். பிடிலும் மிருதங்கமும் போதாவென்று கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் முதலியனவும் சேர்த்து மேடையை நிரப்புவார். இதனைப் புல் பெஞ்சுக் கச்சேரி என்று மக்கள் வழங்கினர். புதுக்கோட்டைத் தட்சிணாமூர்த்திப்பிள்ளை, கொன்னக்கோல் மன்னார்குடிப் பக்கிரியாபிள்ளை போன்ற லயப் பெரியோர் நடுவே அமர்ந்து பாடுதல் எளிதன்று. இசையின்பத்தை இக்கணக்கு மூடிவிடாதோ என்று ஐயுறுவாரும் உளர். எனக்கும் அவ்வையம் உண்டு.

ஆனால் அவர் புகழ் மேடையளவில் நிற்கவில்லை. காஞ்சியிலே ஆண்டுதோறும் தியாகராசர் திருவிழாவை அவரே முன்னின்று நடத்தினார். பெரிய வித்துவான்கள் வந்து பாடினர். சென்னைக்கு இரயிலேறிச் செல்லமாட்டாதவரும் தம் ஊரிலிருந்தே அவ்விசையைக் கேட்டனர்.

அங்ஙனம் கேட்டவருள் ஒரு சிறுமியும் இருந்தாள். தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகள், 1919-இல் பிறந்தவள். வைதிகக் குடும்பத்துப் பெண் மேடையேறுதல் வழக்கமில்லாத காலம் அது. கச்சேரியிற் கேட்டதை வீட்டிற்கு வந்து உடன்பிறந்தாருடன் நினைவுகூர்ந்து பாடிப் பழகுவாள். பத்து வயதளவில் சென்னை வானொலியிற் பாடினாள். ஆடவர்க்கே உரியதென்றிருந்த பல்லவியைப் பிற்காலத்தில் அவள் துணிந்து பாடியதற்கு நாயனாப்பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்ட கேள்வியே வித்து. அவளே டி. கே. பட்டம்மாள், 1970-இல் சங்கீத கலாநிதி ஆனவர்.

நேர் மாணாக்கரும் இருந்தனர். வீணை தனம்மாளின் பேர்த்தியராகிய பிருந்தாவும் முக்தாவும் அவரிடம் பாடங்கேட்டனர். பிருந்தா பின்னாளில் மேடையினும் மிகுதியாகப் பாடஞ்சொல்லுதலாலேயே பெயர் பெற்றார். பெரும் பாடகரும் அவரிடம் வந்து கற்றனர். சித்தூர் சுப்பிரமணியபிள்ளை ஆசிரியரின் லய வழியைப் பேணி, மதுரை சோமு முதலியோர்க்கு அதனை அளித்தார்.

நாயனாப்பிள்ளை 45 அகவை நிறையுமுன் 1934 மே மாதத்திற் காலமானார். சித்தூராரின் இசைத்தட்டுகள் கிடைக்கின்றன. மாணாக்கர் பாடுகையில் ஆசிரியர் எவ்விடத்து நின்றிருப்பார், எவ்விடத்து விரைந்திருப்பார் என்று எண்ணியெண்ணிக் கேட்டதுண்டு, ஒருமுறையும் துணியக்கூடவில்லை.