குளிர்பாலை கடந்த துறவி

பாலை என்றவுடன் சுடுமணலும் வெங்கதிரும் நினைவுக்கு வருதல் இயல்பு. நம் முன்னோர் வகுத்த பாலைத்திணையும் வெம்மையால் விளைவதே. ஆயின், பனியும் மணலும் ஒருங்கே அமைந்த பாலைகளும் உலகில் உள. அவற்றைக் குளிர்பாலை என்பர். அத்தகைய நிலங்களைக் கடந்து, நம் காஞ்சி மாநகர் வரை வந்த பெரியார், சீனத் துறவியாகிய யுவான் சுவாங் ஆவார்.

அவர் கி.பி. 602-ஆம் ஆண்டளவில் கற்றோர் குடியில் பிறந்தார். இளமையிலேயே பௌத்தத் துறவியானார். தம் நாட்டில் வழங்கிய அறநூல் விளக்கங்கள் தம்முள் முரணக் கண்டு, மூலநூல்களைப் பாரதத்திலேயே கற்கத் துணிந்தார். எல்லை கடத்தல் ஆகாது என்னும் அரசாணை அன்று இருந்தது. எனினும், 629-ஆம் ஆண்டளவில் மறைவாகப் புறப்பட்டார்.

கோபிப் பாலையின் ஒரு பகுதியை அவர் தமியராய்க் கடக்க நேர்ந்தது. விலங்குகளின் எலும்புகளே வழிகாட்டின. இடையில் தோற்பை கைநழுவித் தண்ணீர் முழுவதும் மணலில் கொட்டிற்று. நீர் கொணரச் சிறிது தொலைவு திரும்பி நடந்தார். அப்பொழுது, பாரதத்தை அடையாமல் கீழ்த்திசையில் ஓரடியும் வைப்பதில்லை எனத் தாம் பூண்ட உறுதி நினைவுக்கு வந்தது. மீண்டும் மேற்கே திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் நாவில் நீர்த்துளி படவில்லை. மயங்கி வீழ்ந்தவரை நள்ளிரவில் குளிர்காற்று எழுப்பியது. அவருடைய முதிய குதிரை, தானே வழி விலகிச் சென்று, புல்லும் நீரும் உள்ள இடத்தில் அவரைச் சேர்த்தது.

பின்னர்த் தூர்பான் பகுதி அரசன் அவரைப் போற்றி, குதிரைகளும் துணைவரும் பொருளும் உதவினான். திரும்புங்கால் தன்பால் வந்து தங்குதல் வேண்டும் என்று அவன் வேண்ட, அவரும் இசைந்தார். அடுத்துத் தியான்சான் மலையின் பனிவழியில், உடன்வந்தோருள் பத்தில் மூவர் நால்வர் குளிராலும் பசியாலும் மாண்டனர்.

இந்நிலங்கள் வறண்டிருப்பதற்குக் காரணம் யாது? உயர்ந்த மலைகள் மழைமுகிலைத் தடுக்கின்றன. கடலோ நெடுந்தொலைவில் உளது. மலைப்பனி உருகிவரும் ஆறுகளே ஊர்களுக்கு உயிர்நிலை. ஆறு வற்றினாலும் வழிமாறினாலும் ஊர் மணலுள் மறையும். மணல் மூடிய நகர் ஒன்றின் வரலாற்றை யுவான் சுவாங்கும் குறித்துள்ளார். நம் நாட்டு லடாக்கும் குளிர்பாலையே. இந்நாளில் வெப்பம் மிகுந்து பனிப்பாறைகள் சுருங்கிவருதலால், அங்குள்ள உழவர் விதைப்புக் காலத்தில் நீரின்றி இடர்ப்படுகின்றனர்.

பாரதம் அடைந்த யுவான் சுவாங், நாலந்தாவில் சீலபத்திரரிடம் கற்றார். அச்சீலபத்திரரின் ஆசிரியராகிய தருமபாலர் காஞ்சியில் தோன்றியவர். அக்காஞ்சிக்கு 640-ஆம் ஆண்டளவில் யுவான் சுவாங் வந்தார். அன்று ஆண்டவன், மாமல்லபுரத்திற்குத் தன் பெயரளித்த நரசிம்மவர்ம பல்லவன். ஈழத்திற்குக் கப்பலேற எண்ணிய துறவி, அங்கு அரசன் இறந்தமையும் பஞ்சம் நேர்ந்தமையும் கேட்டு அவ்வெண்ணத்தைக் கைவிட்டார்.

தாய்நாட்டிற்குக் கடல்வழியே திரும்பவும் அவரால் இயலும். ஆயினும், தூர்பான் அரசனுக்குக் கொடுத்த சொல்லை எண்ணிப் பாமீர் மலையும் தக்கலமக்கான் பாலையும் கடக்கும் கடுவழியையே மேற்கொண்டார். அந்தோ! அவர் வருமுன்னரே அவ்வரசன் மறைந்துவிட்டான். 645-ஆம் ஆண்டு 657 நூல்களோடு தலைநகர் புகுந்தார். 664-ஆம் ஆண்டு மறையும்வரை அவற்றை மொழிபெயர்ப்பதிலேயே வாழ்நாளைச் செலவிட்டார்.

குளிரும் மணலும் உடலைத் தளர்த்தலாம். கல்வி வேட்கையும் வாய்மையும் உடைய நெஞ்சத்தைத் தளர்த்த அவற்றால் இயலாது. இஃது அப்பெரியார் வாழ்வு நமக்கு உணர்த்தும் உண்மையாகும்.