தங்கவயலுக்கு மின்சாரம் தந்த திவான்: ஒரு நூற்றாண்டுப் பழி

புதுதில்லி: கோலார் தங்கவயலுக்குக் காவிரி நீரிலிருந்து எடுக்கப்பட்ட மின்சாரம் 1902 ஜூன் 30-ஆம் தேதி வந்து சேர்ந்தது. அதற்கு வித்திட்ட மைசூர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர் அதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே, 1901 செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

பாலக்காடு அருகே குமாரபுரத்தில் 1845-இல் பிறந்த அவர், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1868-இல் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். 1883 முதல் 18 ஆண்டுகள் திவான். அன்னியர், மதராஸ்காரர்களுக்கே உயர்பதவிகளை அளித்தவர் என்பது மைசூரின் உள்ளூர்ப் பிரமுகர்கள் சுமத்திய குற்றச்சாட்டு. அதில் உண்மையே இல்லை எனக் கூற இயலாது. எனினும் அதிகாரிகளைப் போட்டித் தேர்வு மூலம் தேர்ந்தெடுக்கும் முறையையும், பிரதிநிதிகள் சபைக்குத் தேர்தலையும் கொண்டுவந்தவர் அவரே. எட்டு வயதுக்குட்பட்ட சிறுமியரின் திருமணத்தைத் தடுக்கும் சட்டம் 1894-இல் வந்ததும் அவர் காலத்தில்தான்.

சிவசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு 147 கிலோமீட்டர் மின்தடம். அன்று உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் அது ஒன்று. விறகையும் நிலக்கரியையும் நம்பியிருந்த சுரங்க இயந்திரங்கள் மின்சாரத்துக்கு மாறின. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதன் பின்னர், 1905-இல். தங்கம் லண்டன் கம்பெனிகளுக்குச் சென்றது; மைசூர் அரசுக்கு ராயல்டியும் மின்கட்டணமும் கிடைத்தன. வட ஆற்காட்டிலிருந்து சென்று சுரங்கத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், திவானின் ஆதரவாளர்களிடம் பதில் இருக்காது.

மதராஸுடனான 1892 காவிரி ஒப்பந்தமும் அவர் காலத்தது. வலியவர் எளியவர் மீது திணித்தது என்று கர்நாடகம் நெடுங்காலம் வாதிட்டு வந்த ஒப்பந்தம் இது. திவான் மதராஸ் ராஜதானியில் பிறந்தவர் என்பதே சந்தேகம் வளரப் போதுமானது. ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தால் வேறொன்றும் தெரியும். மைசூர் புதிய பாசனப் பணிகளுக்கு மதராஸின் முன்சம்மதம் பெற வேண்டும் என்பது உண்மையே. ஆனால், ஏற்கெனவே நிலைபெற்ற பாசன உரிமையைக் காப்பதற்கன்றி மதராஸ் மறுக்க இயலாது. கருத்து வேறுபாடு எழுந்தால் நடுவரிடம் செல்லலாம். கண்ணம்பாடி அணைத் தகராறு அவ்வாறே நடுவர் கிரிஃபினிடம் சென்றது. 1914-இல் அவர் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக அமைந்தது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது மதராஸ்தான்.

1892, 1924 ஒப்பந்தங்கள் செல்லாதவை என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நிராகரித்தது.