சிரிக்க வைத்தவருக்கு ஆயுள் தண்டனை! ஜெயிலில் இருந்து மீண்டு வந்த கலைவாணர் கதை

ஸ்ரீவில்லிபுத்தூர், ஆக. 30-

கொலை வழக்கில் தீர்ப்பு சொல்லும் நாளில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டு வாசலில் நின்று பார்த்திருக்கிறீர்களா? ராஜபாளையம் பஸ்சில் வந்து இறங்கிய சொந்தக்காரர்கள் டீ கூட குடிக்காமல் காத்துக் கிடப்பார்கள். உள்ளே இருந்து ஒரு வார்த்தை வரும். அதோடு ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறிப் போகும்.

தமிழ்நாட்டையே வயிறு குலுங்க சிரிக்க வைத்த ஒருவரும் அப்படி கூண்டில் நின்றவர்தான். அவர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். இன்று அவருடைய நினைவு நாள்.

அவரது வாழ்க்கை விவரம் வருமாறு:-

நாகர்கோவில் பையன்

நாகர்கோவில் ஒழுகினசேரியில் 1908-ம் ஆண்டு நவம்பர் 29-ந்தேதி பிறந்தார். ஏழைக் குடும்பம். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்கப் போன பையனுக்கு மேடை மேல் ஆசை வந்தது. டி.கே.எஸ். சகோதரர்களின் நாடக கம்பெனியில் சேர்ந்தார்.

1935-ல் `மேனகா', 1936-ல் `சதி லீலாவதி' என்று சினிமாவுக்கு வந்தார். எம்.ஜி.ஆருக்கும் `சதி லீலாவதி'தான் முதல் படம். `வசந்தசேனா' படத்துக்காக புனா போனபோது டி.ஏ.மதுரத்தின் பழக்கம் ஏற்பட்டது. இருவரும் கணவன்-மனைவி ஆனார்கள். அதன் பிறகு கிருஷ்ணன்-மதுரம் ஜோடி இல்லாத படத்துக்கு மவுசே இல்லை என்ற நிலை வந்தது.

தன் சிரிப்புக் காட்சிகளை அவரே தன் ஆட்களோடு உட்கார்ந்து தயார் செய்வார். யாரையும் புண்படுத்தாமல் மூடப்பழக்கத்தையும் குடியையும் கிண்டல் செய்வார். ஜனங்கள் சிரித்துக்கொண்டே புத்தி கேட்டுக்கொண்டார்கள். இந்தியாவின் சார்லி சாப்ளின் என்று பேர் வாங்கினார்.

கத்திக்குத்து

1944 தீபாவளிக்கு `ஹரிதாஸ்' வெளியானது. கதாநாயகன் எம்.கே.தியாகராஜ பாகவதர். சிரிப்புக்கு கிருஷ்ணன். சென்னை பிராட்வே தியேட்டரில் அந்தப் படம் 3 தீபாவளி கண்டது.

ஆனால் அடுத்த தீபாவளியை இருவருமே ஜெயிலில்தான் கழித்தார்கள்!

சென்னையில் `இந்து நேசன்' என்ற பத்திரிகை நடத்தி வந்தவர் லட்சுமிகாந்தன். நடிகர், நடிகைகளின் அந்தரங்கம் என்று எழுதி பரபரப்பு உண்டாக்கியவர். 1944 நவம்பர் 8-ந்தேதி வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்தபோது அவரை வழிமறித்து கத்தியால் குத்திவிட்டார்கள். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

டிசம்பரில் பாகவதரையும் கிருஷ்ணனையும் போலீசார் கைது செய்தார்கள். சதி செய்து ஆள் வைத்து கொன்றார்கள் என்பது குற்றச்சாட்டு. டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதாகி, பிறகு விடுதலை ஆனார்.

அப்போது ஜூரி முறை இருந்த காலம். சென்னை ஐகோர்ட்டில் விசாரணை நடந்தது. 1945 மே மாதம் கிருஷ்ணனுக்கும் பாகவதருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஐகோர்ட்டில் அப்பீல் செய்தும் பலன் இல்லை.

மதுரம் விடவில்லை

வீட்டில் இருந்த காசெல்லாம் வழக்குக்கே கரைந்தது. மதுரம் அம்மாள் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. எஸ்.வி.சகஸ்ரநாமத்தின் துணையோடு என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார். `பைத்தியக்காரன்' நாடகம் போட்டார்கள். பிறகு அதையே சினிமாவாக எடுத்தார்கள்.

வழக்கு லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் வரை போனது. அங்கிருந்து மறுபடி விசாரிக்கச் சொல்லி சென்னைக்கே திரும்பி வந்தது. பிரபல வக்கீல் வி.எல்.எத்திராஜ் வாதாடினார். சாட்சிகள் சொன்னது நம்பும்படி இல்லை என்று கண்ட ஐகோர்ட்டு, 1947 ஏப்ரல் 25-ந்தேதி இருவரையும் விடுதலை செய்தது.

செய்யாத குற்றத்துக்கு 2 ஆண்டுக்கு மேல் ஜெயில்! அந்த நாட்களை எந்த கோர்ட்டும் திருப்பித் தர முடியாது.

மறுபடியும் சிரிப்பு

பாகவதர் வெளியே வந்தும் பழைய நிலைமை திரும்பவில்லை. படங்கள் சரியாக ஓடவில்லை. 1959-ல் காலமானார்.

கிருஷ்ணனோ வந்த வேகத்தில் வேலையில் இறங்கினார். மனைவி எடுத்துக்கொண்டிருந்த `பைத்தியக்காரன்' படத்திலேயே ஒரு வேஷம் போட்டார். அதே 1947-ல் பம்மல் சம்பந்த முதலியார் கையால் கலைவாணர் பட்டம் கிடைத்தது. `சந்திரலேகா'வில் நடித்தார். 1949-ல் அண்ணா கதை எழுதிய `நல்லதம்பி'யில் கதாநாயகனாகி மதுவிலக்கு பிரசாரம் செய்தார். `மணமகள்', `பணம்' படங்களை டைரக்ட் செய்தார். நம்ம பக்கத்து கோவில் கொடைகளில் கேட்கிற வில்லுப்பாட்டை பட்டணத்து மேடைக்கும் கொண்டு போனார்.

1957 தேர்தலில் காஞ்சீபுரத்தில் அண்ணாவுக்காக பேசப் போனார். எதிர்த்து நின்றவர் ஒரு டாக்டர். கலைவாணர் அந்த டாக்டரைத்தான் புகழ்ந்து தள்ளினார். கூட்டம் திகைத்தது. கடைசியில், இவ்வளவு நல்ல டாக்டரை சென்னைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார், அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தார்! அண்ணா ஜெயித்தார்.

வெறும் கை

சம்பாதித்ததை வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். கேட்டவருக்கெல்லாம் கொடுத்தார். கடைசிக் காலத்தில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 1957 ஆகஸ்டு 30-ந்தேதி சென்னை ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 48.

சென்னை தியாகராயநகரில் அவரது சிலையை 1969 ஜனவரியில் முதல்-மந்திரி அண்ணா திறந்து வைத்தார். நோயோடு வந்து திறந்தார். அடுத்த மாதமே அண்ணாவும் மறைந்தார்.

டி.வி.யில் எப்போதாவது இந்தப் பழைய படங்களைப் போடுவார்கள். `ஹரிதாஸ்' ஜெயிலுக்கு முன்னால் வந்தது. `சந்திரலேகா' ஜெயிலுக்குப் பின்னால் வந்தது. இரண்டையும் பாருங்கள். அவர் சிரிப்பில் ஏதாவது குறை தெரிகிறதா என்று நீங்களே சொல்லுங்கள்.