பி.கே.ரோஸி: முதல் நாயகியை ஊரைவிட்டே துரத்தியது எது? வெறுப்புக் குற்றத்தை எப்படி அடையாளம் காண்பது?

பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஷூட்டிங் ஒண்ணும் புதுசு இல்லை. ஆழியாறு பக்கமோ சேத்துமடை பக்கமோ தென்னந்தோப்பு ஓரமா கேரவன் நின்னா, வண்டியைக்கூட நிறுத்தாம போயிடுவோம். நம்ம ஊரைப் பொறுத்தவரை சினிமா என்பது லாட்ஜுக்கும் மெஸ்ஸுக்கும் வாடகைக் காருக்கும் வருமானம் தரும் ஒரு தொழில்.

ஆனா, இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் திருவனந்தபுரத்தில், நடித்த ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணைத் தியேட்டருக்குள் விடவில்லை. திரையில் அவர் முகம் தெரிந்ததும் கல் எறிந்தார்கள். கடைசியில் அவர் குடிசையையே கொளுத்தினார்கள். அந்தப் பெண்தான் பி.கே.ரோஸி, மலையாள சினிமாவின் முதல் நாயகி. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுள் முகப்பில் அவர் ஓவியம் வந்தபோதுதான் நம்மில் பலர் அந்தப் பெயரையே முதல்முறை கேட்டோம்.

யார் இந்த ரோஸி?

1903-ல் திருவனந்தபுரம் நந்தன்கோட்டில், புலையர் சமூகக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் ராஜம்மா. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தார். புல் அறுத்துக் குடும்பத்துக்கு உதவினார். நடிப்பு மேல் இருந்த ஆசை அவரைக் காக்காரிசி நாடகத்துக்கு இழுத்துச் சென்றது. தமிழும் மலையாளமும் கலந்து பேசி, பாடி, ஆடும் நாட்டுப்புற நாடகம் அது.

அன்றைய திருவிதாங்கூர் எப்படி இருந்தது என்பதையும் தெரிஞ்சுக்கணும். தலித் மக்கள் பொதுச்சாலையில் நடக்கும் உரிமைக்காக அய்யன்காளி 1893-ல் வில்வண்டியில் ஏறிப் போய்ப் போராட வேண்டியிருந்த சமஸ்தானம் அது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்ததே 1936-ல்தான். ரோஸி கேமரா முன் நின்றபோது, அவர் சமூகத்தினருக்குக் கோயில் கதவுகள் மூடியே இருந்தன.

சினிமாவுக்கு எப்படி வந்தார்?

ஜே.சி.டேனியல், இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தைச் சேர்ந்தவர். சொத்தை விற்று ஸ்டூடியோ தொடங்கி, 'விகதகுமாரன்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். இலங்கைக்குக் கடத்தப்பட்ட ஒரு பணக்காரக் குழந்தையின் கதை. டைரக்டர், கேமராமேன், ஹீரோ எல்லாமே அவர்தான். நாயகி மட்டும் கிடைக்கவில்லை. குடும்பப் பெண்கள் நடிக்கக் கூடாது என்று எல்லா சாதிகளும் நினைத்த காலம் அது. பம்பாயிலிருந்து ஒரு நடிகையை அழைத்து வந்தும் ஒத்துவரவில்லை. அப்போதுதான் நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ரோஸியை டேனியல் தேர்ந்தெடுத்தார்.

பாத்திரத்தின் பெயர் சரோஜினி. நாயர் குடும்பத்துப் பெண். சம்பளம் ஒரு நாளைக்கு 5 ரூபாய் என்றும், மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருவார் என்றும் சொல்லப்படுகிறது. பட்டுப்புடவை, நகையுடன் பகலெல்லாம் சரோஜினியாக இருந்துவிட்டு, மாலையில் பழைய துணிக்கு மாறி ரோஸியாக வீடு திரும்பியிருக்கிறார்.

தியேட்டரில் என்ன நடந்தது?

திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் திரையிடப்பட்டது. ஆண்டு 1928-ஆ, 1930-ஆ என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. ஆனா, நடந்ததில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ரோஸி உள்ளே இருந்தால் வரமாட்டோம் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் நிபந்தனை வைத்தார்கள். தன் முதல் படத்தைப் பார்க்க ஆசையாக வந்த நாயகி வெளியே நிறுத்தப்பட்டார்.

படம் ஓடத் தொடங்கியதும் கூச்சல். ரோஸி தலையில் சூடிய பூவுக்கு ஹீரோ முத்தமிடும் காட்சி வந்ததும் கற்கள் பறந்தன. திரை கிழிந்தது. பிறகு கூட்டம் அவர் வீட்டுக்குப் போனது. குடிசை எரிந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ரோஸி, நாகர்கோவில் பக்கம் போன ஒரு லாரியில் ஏறித் தப்பினார். அந்த லாரியை ஓட்டிய கேசவ பிள்ளையையே பின்னர் திருமணம் செய்துகொண்டார். 'ராஜம்மாள்' என்ற பெயரில் தமிழ்நாட்டில் வாழ்ந்து, 1988-ல் இறந்தார். மறுபடி நடிக்கவே இல்லை. படத்தின் ஒரு பிரதிகூட இன்று இல்லை.

டேனியலும் கடனில் மூழ்கினார். பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். 1992 முதல் அவர் பெயரில் கேரள அரசு சினிமா விருது தருகிறது. ரோஸி வெளிச்சத்துக்கு வர இன்னும் பல வருடம் ஆனது. 2013-ல் வந்த 'செல்லுலாய்ட்' படத்துக்குப் பிறகுதான் அவர் கதை பரவலாகப் பேசப்பட்டது. இப்போது அவர் பெயரில் சென்னையிலேயே திரைப்பட விழா நடக்கிறது.

இதை ஏன் வெறுப்புக் குற்றம் என்கிறோம்?

ஒரு சின்ன சோதனை போதும். நடந்த சம்பவத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். பம்பாய் நடிகையே சரோஜினியாக நடித்திருந்தால் அவர் குடிசை எரிந்திருக்குமா? இல்லை என்றால், அங்கே பிரச்சினை நடிப்பு இல்லை. யார் நடித்தார் என்பதுதான் பிரச்சினை. தகராறு, முன்பகை, குடிபோதை என்று எந்தப் பெயர் வைத்தாலும், அடையாளத்தை மாற்றினால் குற்றம் நடந்திருக்காது என்றால் அதன் வேர் வெறுப்பில் இருக்கிறது.

இன்னொரு அடையாளம், இது படிப்படியாகத்தான் வரும். முதலில் ஒதுக்குவார்கள், அடுத்து கேலி, அப்புறம் கல், கடைசியில் தீ. முதல் படியிலேயே யாராவது தடுத்திருந்தால் நான்காவது படி வந்திருக்காது. கேபிடல் தியேட்டர் வாசலில் ரோஸியை நிறுத்தியபோது, படக்குழுவில் யாரும் அவருக்காக உறுதியாக நின்றதாகத் தெரியவில்லை.

இது ஏதோ பழைய காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியாது. 2016 மார்ச் 13 அன்று, பொள்ளாச்சிக்குப் பக்கத்திலேயே உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே, பட்டப்பகலில் ஒரு தலித் மாணவர் வெட்டிக் கொல்லப்பட்டார். காரணம், சாதி மாறிக் காதலித்துக் கல்யாணம் செய்தது. அதே சோதனையை அங்கேயும் போட்டுப் பாருங்கள், விடை கிடைக்கும்.

இன்று நடந்தால் சட்டம் என்ன சொல்கிறது?

ரோஸிக்கு நடந்தது இன்று பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவருக்கு நடந்தால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு இருக்கிறது. பொதுப் பொழுதுபோக்கு இடத்துக்குள் விடாமல் தடுப்பது குற்றம். தொழில் செய்யவிடாமல் தடுப்பது குற்றம். வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேற வைப்பதும் குற்றம். குடியிருக்கும் வீட்டை அழிக்கும் நோக்கில் தீ வைத்தால் ஆயுள் தண்டனை. டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். கடமையைச் செய்யத் தவறும் அரசு ஊழியர்மீதும் நடவடிக்கை உண்டு.

கூட இருந்தே சுரண்டுபவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

வெறுப்பு எப்போதும் கல்லோடு வராது. சில நேரம் சிரித்துப் பேசிக்கொண்டே வரும். நாடகத்தில் ஆடும்வரை ரோஸி ஊருக்கு வேண்டியவர். சரிசமமாகத் திரையில் வந்ததும் வேண்டாதவர். வேலைக்கு நீங்கள் வேண்டும், மேடையில் மட்டும் வேண்டாம் என்று நடத்துபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆபீஸில் உங்கள் உழைப்பு வேண்டும், கல்யாணப் பத்திரிகை மட்டும் வராது. சாதியையோ நிறத்தையோ உடல் குறையையோ வைத்துக் கூப்பிட்டுவிட்டு, சும்மா ஜாலிக்கு என்பார்கள். செலவு எப்போதும் உங்கள் தலையில் விழும். மற்ற நண்பர்களிடமிருந்து உங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிப்பார்கள். ஒருநாள் மறுத்துப் பேசினால், உங்கள் ரகசியமோ போட்டோவோ மிரட்டலாகத் திரும்பி வரும்.

இதன் கொடூரமான வடிவத்தை நம்ம ஊர் 2019-ல் பார்த்தது. பழகி, நம்ப வைத்து, வீடியோ எடுத்து மிரட்டிய பொள்ளாச்சி பாலியல் வழக்கில், 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. ரோஸியின் கதைக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ரோஸி பெயரை மாற்றி மறைய வேண்டியிருந்தது. இங்கே ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தார், மற்ற பெண்கள் சாட்சி சொன்னார்கள், மறைய வேண்டிய நிலை குற்றவாளிகளுக்கு வந்தது.

என்ன செய்யலாம்?

மெசேஜ், கால் ரெக்கார்டு, பணம் அனுப்பிய விவரம் எதையும் அழிக்காதீர்கள். நம்பும் ஒருவரிடமாவது உடனே சொல்லுங்கள். உங்களிடம் யாராவது சொன்னால், நீ ஏன் அங்கே போனே என்று கேட்காதீர்கள். வன்கொடுமைப் புகார்களுக்கு 14566, பெண்கள் உதவிக்கு 181, இணையவழி மோசடிக்கு 1930, அவசரத்துக்கு 112. போனில் இப்போதே சேமித்து வையுங்கள்.