டெனிஸ் ரிச்சி

புதுக்கோட்டை மாவட்டத்துப் பள்ளிகளிற் பயின்ற நம் பழைய மாணவர் பலர், தமிழக அரசினர் 2011-ம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தின்படி மடிக்கணினி பெற்றவராவர். அத்திட்டத்தில், சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் இடம்பெற்றது. இத்தகைய இயங்குதளங்கள் பதிப்புத்தோறும் புதுமை பெற்றும், இயந்திரந்தோறும் குடிபெயர்ந்தும் அழியாது நிற்றற்கு வழிகோலியவருள் தலையாயவர் டெனிஸ் ரிச்சி.

இவர் 1941-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 9-ம் நாள் அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்துப் பிராங்ஸ்வில் என்னும் ஊரிற் பிறந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பௌதிகமும் கணிதமும் கற்றபின், 1967-ல் தம் தந்தையார் பணியாற்றிய பெல் ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்தார். அங்கே 1969-ல் கென் தாம்சன் தொடங்கிய யுனிக்ஸ் இயங்குதளத்தை வளர்ப்பதில் அவருக்கு உற்ற துணைவரானார்.

அக்காலத்து இயங்குதளங்கள் பெரும்பாலும் அவ்வவ் இயந்திரத்துக்கே உரிய குறிமொழியில் எழுதப்பட்டன. இயந்திரம் கழிந்தால் அவ்வுழைப்பும் அதனோடு கழியும். ரிச்சி ஆக்கிய சி என்னும் மொழியில் யுனிக்ஸைத் திருப்பி எழுத 1972-ல் தாம்சன் முயன்றார். மொழி அதற்குப் போதாமையால் கைவிட்டார். ரிச்சி மனஞ்சோர்ந்திலர்; தம் மொழியின் குறையைத் திருத்தினார். 1973-ல் அதன் உட்கரு அம்மொழியிலேயே எழுதப்பெற்றது. சில ஆண்டுகளில், முற்றிலும் வேறான இன்டர்டேட்டா இயந்திரத்திலும் யுனிக்ஸ் இயங்கிற்று.

1983-ல் இருவரும் டூரிங் பரிசு பெற்றனர். நம்மவர் கைக்கு மடிக்கணினி வந்த அதே 2011-ல், அக்டோபர் 12-ம் நாள், தனியே வாழ்ந்த ரிச்சி தம் இல்லத்தில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். லினக்ஸின் உட்கரு இன்றும் பெரும்பாலும் அவர் மொழியிலேயே எழுதப்படுகின்றது. பாறைமேல் அடிப்படையிட்டவன் வீட்டை, பின்வருவோர் எத்துணை முறையும் புதுப்பிக்கலாமன்றோ!